முனிரத்தினத்தின் குரலை நான் ரிப்பேர் செய்த கதை

கையில் திருப்புளி வைத்திருப்பவனுக்கு உலகத்தில் எல்லாமே கொஞ்சம் தளர்ந்திருப்பதாகத்தான் தோன்றும். மற்றவர்களுக்கு இது பழக்கம், எனக்கு வியாதி. இருபத்து மூன்று வயதுக்குள் நான் எங்கள் ஊரில் இரண்டு சுவர்க் கடிகாரம், ஒரு தையல் மிஷின், தர்மகர்த்தா வீட்டுக் கிணற்று ராட்டினம் ஆகியவற்றை ரிப்பேர் செய்திருந்தேன். ராட்டினம் மட்டும் அதற்குப் பிறகும் ஓடியது. (அது முதலிலேயே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று தர்மகர்த்தாவின் சம்சாரம் சொல்வார்கள். சொல்லட்டும்.) இதெல்லாம் சாமான்கள், போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு பாடகரின் குரலையே ரிப்பேர் செய்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ரயில் நிற்கும், மற்றபடி சுற்றிலும் நெல்லும் ஏரியும்தான். ஆனால் பட்டணத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஊருக்கு ஒரு வித்வான் இருந்தார். பூந்தமல்லிக்காரர்களுக்கு ஓர் ஆர்மோனியக்காரர். நசரத்பேட்டைக்கு ஒரு நாகஸ்வரக்காரர். திருநின்றவூரில் ஒரு நாடக நடிகர் இருந்தார், அவர் பெண் வேஷம் கட்டிப் பாடினால் சொந்த மாமனாருக்கே அடையாளம் தெரியாதாம். சந்தையில் நாலு ஊர்க்காரர்கள் கூடினால் அவரவர் வித்வானைப் பற்றித்தான் பேச்சு.

"உங்க ஊர்ல யார்ப்பா கீறாங்க?" என்று என்னைக் கேட்பார்கள்.

"எங்க ஊர்ல பெரிய ஏரி கீது" என்பேன்.

ஏரி யாரிடம்தான் இல்லை. அயனம்பாக்கத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்த நாட்கள் அவை.

அப்போதுதான் அந்தப் பிளேட்டு வந்தது. பட்டணத்தில் பழைய சாமான் விற்கிற இடத்தில் குழாய் வைத்த கிராமபோன் ஒன்றை வாங்கியிருந்தேன். பெட்டியோடு நாலைந்து பிளேட்டு சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று, முருகனின் மயிலைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு நாடகப் பாட்டு. அந்தக் காலத்தில் பிளேட்டில் பாடுபவர்கள் பாட்டு முடிந்ததும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். இந்தப் பாட்டு முடிந்து, ஆர்மோனியம் நின்று, ஒரு குரல் சொன்னது: "அயனம்பாக்கம் முனிரத்தினம்."

மறுபடி சாவி கொடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் அயனம்பாக்கம். அன்று மாலைக்குள் ஊரில் பாதிப் பேர் என் வீட்டு வாசலில் இருந்தார்கள். அடுத்த சந்தையில் நான் ஏரியைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி திருகாணி விஷயம். கிராமபோனில் பிளேட்டு சுற்றுகிற வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகாணி உண்டு. நான் வாங்கிய பெட்டியில், முதல் பிளேட்டை வைப்பதற்கு முன்பே, அது துருவேறி இறுகிப்போயிருந்ததைப் பார்த்தேன். விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அழுத்தித் திருகினேன், தலை தனியாக என் கையோடு வந்துவிட்டது. உடம்பு உள்ளேயே, கூட்டுகிற பக்கத்தில், மாட்டிக்கொண்டு நின்றது. பிளேட்டை வைத்துப் பார்த்தேன். சுற்றியது, பாடியது. அதற்கு மேல் ஒரு மிஷினிடம் என்ன எதிர்பார்ப்பது என்று மூடிவிட்டேன். வேறு கிராமபோன் எதையும் நான் அதுவரை கேட்டதில்லை. அதனால் என் மிஷின் ஓடுகிற வேகம்தான் உலகத்தில் சங்கீதம் ஓடுகிற வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தோடு போயிருந்தால் ஒரு பெட்டியோடு போயிருக்கும். பூந்தமல்லியில் ஒரு குமாஸ்தா வீட்டில் கிராமபோன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் ஊர்ப் பெருமையைக் காட்டுவதற்காகப் பிளேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் மிஷினில் வைத்ததும் முனிரத்தினம் தடித்த குரலில், மெதுவாக, நிதானமாகப் பாடினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க மிஷின்ல ஸ்பிரிங்கு சோர்ந்து பூட்சிங்க" என்றேன். "நான் சரி பண்ணித் தரேன்."

அந்த நல்ல மனிதர் தடுக்கவில்லை. திருகாணியை முழுக்கக் கூட்டி, அது இனிமேல் அசையாமலிருக்க அரக்கு வேறு ஊற்றி அடைத்தேன். பிறகு நசரத்பேட்டை அரிசி மில்காரர் வீட்டு மிஷினும் இதே 'நோயோடு' இருப்பதாகத் தெரிந்து, அதையும் குணப்படுத்தினேன். இருவரும் அந்தப் பிளேட்டைப் பட்டணத்திலிருந்து ஆளுக்கு ஒன்று வரவழைத்துக்கொண்டார்கள். ஆக, அந்த வட்டாரத்தில் இருந்த மூன்று கிராமபோன்களும் என் கைபட்டு ஒரே மாதிரி ஓடின. அயனம்பாக்கம் முனிரத்தினம் என்றால் மெல்லிசான, கீச்சென்ற, கிடுகிடுவென்று பாடுகிற குரல் என்று மூன்று ஊரும் ஒத்துக்கொண்டிருந்தது.

முனிரத்தினத்துக்கு ஊரில் ஓர் அக்கா இருந்தாள். கன்னியம்மா. அம்மா செத்த பிறகு தம்பியை வளர்த்தவள். பன்னிரண்டு வயதில் எருமை மேய்க்கப் போன பையன், ஏரிக்கரை வழியாகப் போன நாடகக் கம்பெனி வண்டியின் பின்னாலேயே போய்விட்டான். இருபத்து மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. முதல் நாள் என் வாசலில் பிளேட்டைக் கேட்டதும் கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தம்பிதான். எரும மேல ஒக்காந்துகினு இப்டித்தான் பாடுவான். அதே கொரலு. கொஞ்சங்கூட மாற்ல" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பையனின் குரல் முப்பத்தைந்து வயதில் கொஞ்சங்கூட மாறாமல் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். "ஞானஸ்தனுக்குக் கொரலு ஒடையாது" என்று நான் விளக்கம் வேறு சொன்னேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போவேன். அவள் தம்பியைக் கேட்பதற்காக என்று ஊர் நினைத்தது. அவளுக்கு ரஞ்சிதம் என்று ஒரு மகள் இருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் உறவுமுறை எதுவும் கிடையாது, ஆனாலும் எதிர்காலத்தை உத்தேசித்து நான் கன்னியம்மாவை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

ரஞ்சிதம் கதவோரமாக நின்று கேட்பாள். ஒரு நாள் கேட்டாள்: "மாமா இன்னாத்துக்கு இவ்ளோ அவசரமா பாடுறாரு? ரயிலு பூடுமா?"

"அதுக்குப் பேரு துரித காலம். பெரிய வித்வானுங்கதான் பாடுவாங்க."

"பேரு சொல்றதுகூட துரித காலமா?"

நான் பெட்டியை மூடினேன். பெண்களுக்குச் சங்கீதம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். (அப்படியெல்லாம் நினைத்தவன்தான் நான்.)

கடைசியில் தைரியம் வந்து கன்னியம்மாவிடம் பெண் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "ஒன்ன எனக்குப் புட்சிருக்கு நைனா. எந்தம்பி கொரல இட்டாந்தவன் நீ. ஆனா எங்க ஊட்ல தாய்மாமன் வந்து மால போடாம எந்தப் பொண்ணுக்கும் தாலி ஏறுனதில்ல. எந்தம்பி வர்ட்டும். அப்பால பேசலாம்" என்றாள்.

தாய்மாமன் வந்தால் கல்யாணம். அவ்வளவுதான். நான் உடனே தர்மகர்த்தாவைப் பிடித்து, ஆடி மாதம் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஊர்ப் பாடகரைக் கூப்பிட்டுப் பாட வைக்கலாம் என்று சொல்லி, அவர் பேரில் நானே கடிதம் எழுதினேன். 'தங்கள் குரலை எங்கள் ஊர் ஜனங்கள் அடியேனுடைய மிஷின் மூலம் உள்ளது உள்ளபடியே கேட்டு ஆனந்தித்து வருகிறார்கள். தங்கள் தமக்கையும் தங்களைத் தேடுகிறார்' என்று எழுதினேன். பிளேட்டு லேபிளில் இருந்த நாடகக் கம்பெனியின் பெயரை விசாரித்து, அதன் விலாசத்துக்குப் போட்டேன். பத்து நாளில் கார்டு வந்தது. வருகிறேன் என்று இருந்தது. அக்கா இன்னும் கோபமாக இருக்கிறாளா என்று எழுதவில்லையே என்றும் இருந்தது.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்மகர்த்தாவின் வில்வண்டியோடு அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றேன். ஒடிசலாக, சிவப்பாக, இளசாக ஒருவர் இறங்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்கு நானே கொடுத்திருந்த உடம்பு அது. இறங்கியவர் கறுத்த, பருத்த மனிதர். தோள்வரை கிராப்பு, காதில் கடுக்கன், பட்டு ஜிப்பா. நேராக என்னிடம் வந்தார்.

"பாகவதர் எங்கீங்க? அடுத்த வண்டியா?" என்று கேட்டேன்.

"நான்தான் தம்பி முனிரத்தினம்" என்றார். குரல் பானைக்குள்ளிருந்து வந்தது.

வழியெல்லாம் அவர்தான் பேசினார். நாடக மேடைப் பழக்கத்தில் சுத்தமாகப் பேசினார். அக்கா நரைத்துவிட்டாளா, பெண்ணுக்கு என்ன வயது, ஏரியில் இப்போதும் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். மடியில் அக்காவுக்கு ஒரு புடவைப் பொட்டலம் வைத்திருந்தார், வண்டி ஆடும்போதெல்லாம் அதை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், இவர் அசல்தானா என்று. ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் திருநின்றவூரில் அவர்கள் ஊர் நடிகர் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஒருவன் வந்து, விருந்து சாப்பிட்டு, பொன்னாடையும் போர்த்திக்கொண்டு போய்விட்டான். அசல் நடிகர் பிறகு வந்தபோது அவரிடம் நீங்கள் அசலா என்று கேட்டார்களாம். நாங்கள் ஒரு வருஷமாக அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது நான் என்னத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கோயில் பந்தலில் ஊரே இருந்தது. கன்னியம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். அவர் வண்டியிலிருந்து இறங்கி, அவளைப் பார்த்து, "அக்கா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே கன்னியம்மா ஓர் அடி பின்னால் போனாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கடுக்கனைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ யாருப்பா? எந்தம்பி கொரலு எனக்குத் தெரியாதா" என்றாள்.

கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. யாரோ திருநின்றவூர் என்றார்கள். முனிரத்தினத்துக்குக் கோபம் வரவில்லை. திகைத்து நின்றார். பிறகு, "பேச்சு வேண்டாம். நான் பாடுகிறேன். நீங்களே சொல்லுங்கள்" என்று பந்தலில் உட்கார்ந்தார். பாட்டுக்காரர், குரல்தான் தனக்குச் சாட்சி என்று நம்பினார். அன்றைக்கு அந்தச் சாட்சியை நான் முன்னாடியே கலைத்து வைத்திருந்தேன்.

அதே மயில் பாட்டைத்தான் பாடினார். நிதானமாக, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, மயில் தானாக வரட்டும் என்று காத்திருப்பவர் போலப் பாடினார். இன்றைக்கு நினைத்தாலும் அது எவ்வளவு நல்ல பாட்டு என்று தெரிகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் ஒருத்தர், "இன்னாமே இது, இழுத்துகினே கீறாரு" என்றார். இன்னொருவர், "ரயிலு களைப்பா இருக்கும்" என்றார்.

பாட்டு முடிந்ததும் தர்மகர்த்தா என் பக்கம் திரும்பினார்.

"டேய் ஏழுமல. தெனமும் கேக்குறவன் நீதான். இன்னா சொல்ற?"

மூன்று ஊர் மிஷினையும் பார்த்தவன், சந்தையில் துரித காலம் பற்றிப் பேசியவன், நான்தான் நிபுணர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரஞ்சிதமும் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தாள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"சுருதி எறங்கிக் கீது. காலப்பிரமாணம் சுத்தமா இல்ல. இது அந்தக் கொரலு இல்லீங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சங்கீதத்தைப் பற்றிச் சொன்ன கடைசித் தீர்ப்பு அது. பாடிய ஆளிடமே, அவர் குரல் அவருடையது இல்லை என்று சொன்னேன்.

முனிரத்தினம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அந்த மிஷினைக் கொண்டு வாருங்கள் தம்பி. பக்கத்தில் வைத்தே கேட்போம்" என்றார்.

கொண்டு வந்து சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். மெல்லிசான குரல் கிடுகிடுவென்று கிளம்பியது. முனிரத்தினம் முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. பிளேட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அயனம்பாக்கம் முனிரத்தினம்' என்று அது கீச்சிட்டு முடித்ததும் பந்தல் முழுக்கத் தலையாட்டியது. "இதான், இதான்" என்றார்கள்.

"இந்த மிஷினை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டார்.

"ஏழுமலதான்" என்று தர்மகர்த்தா பெருமையாகச் சொன்னார். "மூணு ஊரு மிஷினும் அவன் ரிப்பேர் பண்ணதுதான்."

"ரிப்பேர் செய்தீர்களா தம்பி?"

தலை போன திருகாணி என் கண்முன்னால் வந்தது. பூந்தமல்லி குமாஸ்தா வீட்டில் கேட்ட தடித்த குரலும் வந்தது. எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. புரிந்தும் நான், "இல்லீங்க. சும்மா தொடச்சி வெப்பேன்" என்றேன். அது பொய். ஊர் முன்னால் முட்டாளாக நிற்பதைவிடப் பொய்யனாக நிற்பது எனக்கு அப்போது சுலபமாக இருந்தது.

அவர் தலையாட்டினார். கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பெட்டியின் குழாயையே பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். புடவைப் பொட்டலத்தைப் பந்தல் ஓரத்தில் வைத்தார். அவர் பேச்சிலிருந்து மேடை அப்போதுதான் இறங்கி, ஊர்ப் பேச்சு வந்தது.

"அக்கா அழுவுறா. அவளுக்குத் தம்பி கெடச்சிட்டான். இத அவகிட்ட குடுத்துடுங்க. நான் கெளம்புறேன்" என்றார்.

அவர் வண்டியை நோக்கி நடந்தார். என்னைத் தவிர அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உண்மை தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ரஞ்சிதம் பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவுரு பாட்டுல நடக்குறாரு. இந்த மிஷினு ஓடுது. வேற ஒண்ணுமில்ல."

மனசாட்சி என்னை உலுக்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் என்னை உலுக்கியது அவள் பார்வைதான். இந்தப் பெண்ணுக்கு என் முட்டாள்தனம் பல வெள்ளிக்கிழமைகளாகத் தெரியும் என்று அப்போது தெரிந்தது. தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது. நான் மறுபடி சாவி கொடுத்து, ஊசியை வைத்து, பிளேட்டின் ஓரத்தில் என் ஆள்காட்டி விரலை அழுத்தினேன்.

அதையும் சரியாகச் செய்யவில்லை. பயத்தில் ஓங்கி அழுத்திவிட்டேன். பிளேட்டில் முனிரத்தினம் எருமை கத்துவது போல ஒரு முறை முக்கிவிட்டு நின்றேபோனார். கூட்டம் சிரித்தது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். குரல் மெதுவாக ஏறி வந்து, ஓர் இடத்தில் நின்றது. தடித்த, நிதானமான, சற்று முன்னால் பந்தலில் கேட்ட அதே குரல். வண்டிப் படியில் கால் வைத்திருந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. கன்னியம்மா பெட்டியருகே வந்தாள். என் விரலைப் பார்த்தாள்.

"வெரல எடு" என்றாள்.

எடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் பாடினான்.

"வை."

வைத்தேன். முப்பத்தைந்து வயது மனிதர் பாடினார்.

மூன்று தடவை எடுக்க வைத்தாள், மூன்று தடவை வைக்கச் சொன்னாள். கடைசித் தடவை வைத்திருக்கும்போது பாட்டு முடிந்து, பெயர் சொல்லும் இடம் வந்தது. 'அயனம்பாக்கம் முனிரத்தினம்' என்று, காலையில் ஸ்டேஷனில் என்னிடம் சொன்ன அதே குரல் சொன்னது. கன்னியம்மா திரும்பி வண்டிப் பக்கம் நடந்தாள். அவர் எதிரே போய் நின்றாள்.

"எருமைய ஏரிலியே வுட்டுட்டுப் போனியேடா" என்றாள்.

அவர் வாய் கோணியது. "அது ஊட்டுக்கு வந்துச்சா கா?" என்று கேட்டார். இருபத்து மூன்று வருஷமாக மனதில் வைத்திருந்த கேள்வி அது என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"அது வந்துச்சு. நீதான் வர்ல."

இருவரும் அழுதார்கள். பந்தலில் பாதிப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன். (என் விரல் நுனி தீய்ந்துபோயிருந்தது என்பதும் ஒரு காரணம்.)

அழுது முடித்த ஊர் அடுத்தபடியாக என்னைப் பார்த்தது. தர்மகர்த்தா நிதானமாக என் அருகில் வந்தார். "சுருதி எறங்கிக் கீதுன்னியேடா. ஒன்ன இன்னும் கொஞ்சம் எறக்கட்டா, கெணத்துக்குள்ள? ராட்டினம் நல்லா ஓடுது" என்றார். முனிரத்தினம்தான் தடுத்தார். "வுடுங்க. எந்தக் கச்சேரிலயும் என்ன இவ்ளோ சுறுசுறுப்பா யாரும் கேட்டதில்ல" என்றார். பிறகு பந்தலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பாடினார். ஒருவரும் இழுக்கிறார் என்று சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதும் உண்டு.

அடுத்த வாரம் பூந்தமல்லிக்கும் நசரத்பேட்டைக்கும் நடந்து போய், மன்னிப்புக் கேட்டு, அரக்கைச் சுரண்டித் திருகாணிகளைத் திரும்ப இறக்கினேன். குமாஸ்தா ஏற்றுக்கொண்டார். அரிசி மில்காரர் ஒரு பாட்டு கேட்டுவிட்டு, "இது மந்தமா கீது. பழையபடியே வெச்சிக் குடு. மில்லுல வேல செய்றவங்களுக்கு அதான் தோது" என்றார். அந்த மில்லில் நெல் குத்திய தலைமுறை முழுக்க முனிரத்தினத்தை ஒரு பையன் என்றே நினைத்துப் போய்ச் சேர்ந்தது.

என் மிஷினுக்குப் பட்டணத்திலிருந்து புதுத் திருகாணி வாங்கி வருவதாகக் கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி" என்றார் முனிரத்தினம். "அக்காவுக்கு ரெண்டு பேரும் வேணும்."

அதனால் அந்த மிஷின் கடைசிவரை அப்படியேதான் ஓடியது. தம்பி மாதம் ஒருமுறை வந்துபோகத் தொடங்கிய பிறகும் வெள்ளிக்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு தடவை விரல் வைத்துப் போடுவேன். பிறகு அவள் சொல்லாமலே விரலை எடுத்துவிட்டு ஒரு தடவை. அந்த இரண்டாவது தடவை கன்னியம்மா கண்ணை மூடிக்கொள்வாள். ஏரிக்கரையில் எருமை மேல் உட்கார்ந்து பாடுகிற பையனைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான ரிப்பேர் அது என்று எனக்குத் தோன்றும்.

தை மாதத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் வந்து ரஞ்சிதத்துக்கு மாலை போட்டார். மேளம் கொட்டியதும் நான் தாலியை எடுத்த வேகத்தில் முதல் முடிச்சை அவள் மாலையோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். பின்னால் நின்றிருந்த முனிரத்தினம் மாமா தன் ஆள்காட்டி விரலை என் தோளில் வைத்து லேசாக அழுத்தினார். கல்யாணப் பந்தல் முழுக்கச் சிரித்தது. நாகஸ்வரக்காரர்கூடச் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது சட்டமாகிவிட்டது. நான் வேகமாகச் சாப்பிட்டாலும், கோபத்தில் கத்தினாலும், யார் வீட்டுச் சாமானையாவது ரிப்பேர் செய்து தருகிறேன் என்று சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்காமல் என் மேல் ஒரு விரலை வைப்பார். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், மருமகன்கள் கற்றுக்கொண்டார்கள். என்னைப் பார்க்க வந்த வைத்தியர் நாடி பிடிக்க விரலை வைத்தபோது வீடே சிரித்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

இதை எழுதி முடித்ததும் ரஞ்சிதத்துக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண் பார்வை குறைந்துவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. பந்தலில் அவள் பேசிய இடம் வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மட்டும் கொஞ்சம் விரைவாகப் படித்துக்கொண்டு போனேன். அவள் கையை நீட்டித் தடவி, என் முழங்கையைக் கண்டுபிடித்து, விரலை வைத்தாள்.